ஸ்பூஃப் படத்தின் டிவிடி, ப்ளூ-ரேயை மதிப்பிடுவது எப்படி

அமெரிக்க டீன் காமெடிகளைக் கிண்டலடிக்கும் ஸ்பூஃப் படம் ஒன்று டிஸ்க்கில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படம் நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்பது முற்றிலும் வேறு கேள்வி. மதிப்பீடு எழுதும் பலர் முதல் கேள்விக்கே முக்கால் பக்கத்தைக் கொடுத்துவிட்டு, "படம் தெளிவு, ஒலி பரவாயில்லை" என்று இரண்டே வரியில் டிஸ்க்கை முடித்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கப் போகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆக்‌ஷன் படத்துக்கு வைக்கும் அளவுகோலும் இங்கே உதவாது. ஸ்பூஃபில் சிரிப்பின் பெரும்பங்கு வசனத்துக்கு வெளியே இருக்கும். சுவரில் தொங்கும் பலகை, முன்னால் இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஓரத்தில் ஒருவன் செய்யும் கூத்து, பள்ளி ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பு, உச்சத்தில் சட்டென்று அறுபடும் பாட்டு, இவற்றில்தான் எழுதியவர்களின் உழைப்பு கிடக்கிறது. அதனால் டிஸ்க்கிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வைத்த ஜோக் முழுதாக வந்து சேர்கிறதா? பிட்ரேட் (நொடிக்கு எத்தனை பிட் தரவு), கலர், ஒலித்தடம் எல்லாமே இந்தக் கேள்விக்கு உட்பட்டவை.

ஓர் உதாரணம். 2001-ல் வந்த 'நாட் அனதர் டீன் மூவி'யில் கதை நடக்கும் பள்ளியின் பெயர் ஜான் ஹியூஸ் உயர்நிலைப் பள்ளி. 1980-களின் டீன் படங்களுக்கு அடையாளமாக இருந்த இயக்குநரின் பெயர் அது. சாப்பாட்டுக் கூடம் 'அந்தோணி மைக்கேல் டைனிங் ஹால்', மைதானம் 'ஹாரி டீன் ஸ்டேடியம்'. இரண்டும் ஹியூஸ் எழுதிய படங்களில் நடித்தவர்களின் பெயர்களை ஒடித்துச் செய்தவை. 1985-ன் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்'பில் கண்டிப்பான பள்ளி அதிகாரியாக வந்த பால் க்ளீசன், இதிலும் அதே பாத்திரமாகவே தலைகாட்டுகிறார். எழுத்து மங்கினாலோ ஓரம் வெட்டுப்பட்டாலோ இப்படிப்பட்ட ஜோக்குகள் இருந்தும் இல்லாதது போலத்தான்.

பின்னட்டையில் தொடங்குங்கள்

டிஸ்க்கைப் பிளேயரில் போடும் முன்பே பின்னட்டையின் அடியில் உள்ள சின்ன எழுத்துக் கட்டத்தைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடும் நேரம், திரை விகிதம் (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்), ஒலித்தடங்கள், சப்டைட்டில் மொழிகள், ரீஜன் (எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்ற குறி), டிஸ்க் எத்தனை அடுக்கு, இவ்வளவும் அங்கே இருக்கும். பிறகு டிஸ்க்கில் உண்மையில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். அட்டையில் போட்டது டிஸ்க்கில் இல்லாமல் போவது அரிதல்ல, குறிப்பாகப் பழைய அட்டையை அப்படியே வைத்துக்கொண்டு மலிவு விலையில் மறுபடி அச்சிட்ட பதிப்புகளில்.

ஓடும் நேரம் சில நிமிடம் குறைந்திருந்தால் "வெட்டிவிட்டார்கள்" என்று உடனே எழுதிவிடாதீர்கள். அமெரிக்க டிவிடி நொடிக்கு 23.976 ஃப்ரேம் வேகத்தில் படத்தைக் காட்டுகிறது. ஐரோப்பாவின் 'பால்' (PAL) வீடியோ முறை டிவிடி 25 ஃப்ரேமில் ஓட்டுகிறது. 89 நிமிடப் படம் அங்கே 85 நிமிடம் 20 நொடி அளவில் முடிந்துவிடும். ஒரு காட்சிகூடக் குறைந்திருக்காது. ஆனால் எல்லாமே 4 சதவீதம் வேகம். சுருதி சரிசெய்யப்படாவிட்டால் பாட்டும் குரலும் அதே அளவுக்கு உயர்ந்து ஒலிக்கும். தெரிந்த பாட்டைத் தெரிந்த குரலில் கேட்பதையே நம்பி நிற்கும் ஸ்பூஃபுக்கு இது சின்னக் குறையல்ல. வெட்டு உண்டா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பிரிட்டிஷ் தணிக்கை அமைப்பான பிபிஎஃப்சியின் பதிவைப் பாருங்கள். தாங்கள் சான்றளித்த ஒவ்வொரு பதிப்பின் நேரத்தையும் நிமிடம், நொடியோடு அவர்கள் வெளியிடுகிறார்கள்.

ரீஜன் விஷயம் எளிது. டிவிடியில் அமெரிக்காவும் கனடாவும் ரீஜன் 1. ப்ளூ-ரேயில் அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா 'ஏ'. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா 'பி'. தெற்கு ஆசியா, சீனா, ரஷ்யா 'சி'. ரீஜன் பூட்டு இல்லாத ப்ளூ-ரேக்களும் நிறைய உண்டு. பூட்டு இருக்கிறதா என்பதைச் சோதித்து எழுதினால் வாங்குகிறவர் நன்றி சொல்வார்.

டிவியைச் சீராக்காமல் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள்

டிவியில் பட அமைப்பை 'சினிமா' அல்லது 'மூவி'க்கு மாற்றுங்கள். ஷார்ப்னெஸ்ஸைச் செயற்கைக் கூர்மை எதுவும் சேராத நிலைக்குக் கொண்டுவாருங்கள். பல டிவிகளில் அது பூஜ்யம், சிலவற்றில் நடு மதிப்பு. அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணையுங்கள். ஓவர்ஸ்கேனைக் கட்டாயம் அணைக்க வேண்டும்: பல டிவிகள் படத்தின் நான்கு ஓரத்திலும் இரண்டு முதல் ஐந்து சதவீதம் வரை விழுங்கிவிடும். ஓரத்து ஜோக் காணாமல் போனதற்கு டிவி காரணமா டிஸ்க் காரணமா என்பது அதை அணைக்காமல் தெரியாது. 55 அங்குலத் திரையென்றால் ஏழடி தொலைவில் உட்காருங்கள். ஒலிப் பக்கத்தில் உரத்த ஒலியை அடக்கி மெல்லிய ஒலியைத் தூக்கும் இரவு முறை, டைனமிக் ரேஞ்ச் கட்டுப்பாடு இரண்டும் அணைந்திருக்கட்டும்.

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள்

ரிமோட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படத்தை முழுதாக ஒருமுறை ஓடவிடுங்கள். சிரிப்பு நேரத்தை நம்பியது. ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தவருக்கு எந்த ஜோக்கின் தாளம் கெட்டிருக்கிறது என்பது பிடிபடாது. இந்த ஓட்டத்தில் மூன்றே மூன்று விஷயங்களை நேரத்தோடு குறித்தால் போதும்: எங்கே வசனம் காதில் விழவில்லை, எங்கே ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ கை போனது, எங்கே படம் தடுக்கியது.

தடுக்கல் என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காமெடி டிவிடிகளில் அதிகம் கவனிக்கப்படாமல் போகும் குறை இதுதான். இரட்டை அடுக்கு டிவிடியில் லேசர் முதல் அடுக்கை உள்ளிருந்து வெளியாகப் படித்து முடித்து, இரண்டாவது அடுக்குக்குத் தாவும். அந்தத் தாவலில் பல பிளேயர்களில் படம் அரை நொடி முதல் ஒரு நொடி வரை உறைந்து நிற்கும். பொறுப்பாக ஆதரிங் (டிஸ்க்கைத் தொகுத்து அமைக்கும் வேலை) செய்தவர்கள் இதைக் காட்சி மாறும் இருட்டிலோ, வசனமும் இசையும் இல்லாத இடத்திலோ வைப்பார்கள். அசட்டையாகச் செய்தால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே வந்து விழும். ஒருவன் வாயைத் திறக்கிறான், படம் உறைகிறது, ஒரு நொடி கழித்துப் பஞ்ச் வசனம் வருகிறது. அந்த ஜோக் அதோடு செத்தது. விலை உயர்ந்த பிளேயர்கள் முன்கூட்டியே தரவைச் சேமித்து வைத்து இதை மறைத்துவிடும் என்பதால் சாதாரண பிளேயர் ஒன்றிலும் ஓட்டிப் பாருங்கள். படத்தின் நடுப்பகுதியைத் தாண்டி எங்காவது வரும். எந்த நிமிடம், எந்தக் காட்சி என்று எழுதுங்கள். ப்ளூ-ரேயில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

ஃப்ரேம்: எது போச்சு, எது கூடுதலாகத் தெரிகிறது

2000-களின் முதல் பாதியில் வந்த பல அமெரிக்க டிவிடிகள் ஒரே பெயரில் இரண்டு பதிப்பாக விற்றன: அகலத்திரை, முழுத்திரை. பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். முழுத்திரை என்றால் பழைய 4:3 டிவியை நிரப்புவதற்காக மாற்றியது. மாற்றும் வழி இரண்டு, இரண்டும் காமெடியைக் கெடுக்கும் விதம் வேறு.

முதல் வழி பக்கவாட்டில் வெட்டுவது. 1.85:1 படத்தை இப்படி 4:3 ஆக்கினால் அகலத்தில் சுமார் 28 சதவீதம் போய்விடும், 2.39:1 படமென்றால் 44 சதவீதம். இடது ஓரத்தில் நிற்பவனின் முகபாவம்தான் ஜோக் என்றால் அவனே ஃப்ரேமில் இருக்கமாட்டான். அல்லது அவனைக் காட்ட, ஒளிப்பதிவாளர் செய்யாத ஒரு நகர்த்தலைத் தொழில்நுட்பர் செய்திருப்பார். ரகசியமாக இருக்க வேண்டியதைக் கைநீட்டிக் காட்டியதாகிவிடும்.

இரண்டாவது, மேலும் கீழும் திறந்துவிடுவது. 1.85:1 காமெடிகளில் பல, நெகட்டிவில் முழு உயரத்துக்கும் பதிவாகி, தியேட்டரில் மேல்கீழ் மறைக்கப்பட்டே திரையிடப்பட்டன. மறைப்பை எடுத்துவிட்டால் பக்கவாட்டில் பெரிதாக இழப்பு இல்லை. ஆனால் மேலே கம்பில் தொங்கும் பூம் மைக்கும் கீழே தரையில் ஒட்டிய டேப் அடையாளமும் தலைகாட்டக்கூடும். ஸ்பூஃபில் இது இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்கும்: சினிமா எடுப்பதையே கிண்டலடிக்கும் படத்தில் மைக் தெரிந்தால், வேண்டுமென்றே வைத்ததா, தவறி வந்ததா என்று பார்ப்பவர் திகைப்பார். எந்த வழியில் மாற்றியிருக்கிறார்கள் என்று அறிய, இரு பதிப்பிலும் ஒரே ஷாட்டை நிறுத்தி வைத்து நடிகரின் தலைக்கு மேல் உள்ள இடத்தைப் பாருங்கள். அது கூடியிருந்தால் திறந்தது. தலைக்கு மேல் அதே இடம் இருந்து தோளுக்குப் பக்கத்தில் ஆள் காணோம் என்றால் வெட்டியது.

அகலத்திரை டிவிடியாக இருந்தாலும் அனமார்ஃபிக்கா, அதாவது படத்தைப் பக்கவாட்டில் அமுக்கிப் பதித்து டிவியில் விரிக்கும் வகையா என்று பாருங்கள். அட்டையில் '16:9 டிவிகளுக்கு மேம்படுத்தப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அனமார்ஃபிக் டிஸ்க்கில் 1.85:1 படத்துக்கு 480-ல் சுமார் 461 வரிகள் கிடைக்கும். இல்லையென்றால் 346 தான். இன்றைய டிவியில் நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை சூழ நடுவில் சின்னதாகத் தெரியும். பலகை எழுத்து படிக்கக் கிடைக்கிறதா என்பதை இந்த வித்தியாசமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ப்ளூ-ரேயில் மேலும் கீழும் 21 பிக்சல் அளவுக்கு மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அது குறையல்ல, 1.85:1 அப்படித்தான் உட்காரும்.

'அன்ரேட்டட்' என்ற முத்திரை

டீன் ஸ்பூஃப்களை விற்கும் பெரிய கவர்ச்சியே இந்த முத்திரைதான். இதன் பொருள் அட்டை சொல்வதை விட எளிமையானது. தியேட்டரில் 'ஆர்' அல்லது 'பிஜி-13' வயதுச் சான்று பெற்ற வடிவத்தை மாற்றி, மாற்றியதை அமெரிக்கத் திரைப்படச் சங்கத்தின் தரப்படுத்தலுக்கு மறுபடி அனுப்பாமல் விற்கிறார்கள். சேர்த்தது பத்து நிமிடமாகவும் இருக்கலாம், சில நொடிகளாகவும் இருக்கலாம். ஆபாசமாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சும்மா நடைபாதையில் நடந்து பேசும் காட்சியைச் சேர்த்தாலும் முத்திரை குத்த முடியும்.

எனவே என்ன சேர்ந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வது மதிப்பீட்டாளரின் வேலை. இரு வடிவங்களிலும் ஒவ்வொரு அத்தியாயமும் தொடங்கும் நேரத்தைப் பக்கம் பக்கமாக எழுதுங்கள். உதாரணத்துக்கு ஏழாவது அத்தியாயம் தியேட்டர் வடிவத்தில் 31:10-லும் நீட்டிய வடிவத்தில் 33:42-லும் தொடங்கினால், அதற்கு முன் இரண்டு நிமிடம் 32 நொடி சேர்ந்திருக்கிறது. ஆறாவது அத்தியாயத்தின் தொடக்கத்தில் வித்தியாசம் 40 நொடிதான் என்றால் மீதி ஒரு நிமிடம் 52 நொடியும் ஆறாவதுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் இரண்டிலும் ஓட்டிப் பார்த்தால் முடிந்தது. அத்தியாயக் குறிகளை இரு வடிவத்திலும் வெவ்வேறு இடத்தில் வைத்திருந்தால் இந்தக் கணக்கு உதைக்கும். அப்போது அத்தியாயத்தை விட்டுவிட்டு, இரண்டிலும் இருக்கும் ஒரு கதவடைப்பையோ மணியோசையையோ அடையாளமாக வையுங்கள்.

சேர்த்த காட்சிகளில் கலரும் கூர்மையும் மாறுகிறதா என்றும் பாருங்கள். வேலைப் பிரதியிலிருந்து எடுத்து ஒட்டினால் தோல் நிறம் சட்டென்று சிவக்கும், ஒலி மிக்ஸ் தட்டையாகும், பின்னணி இசை காணாமல் போகும். அத்துடன் உங்கள் தீர்ப்பையும் தயங்காமல் சொல்லுங்கள். ஸ்பூஃபில் நீளம் பெரும்பாலும் பகைதான். ஐந்து நொடியில் முடியும் ஜோக்கை இருபது நொடிக்கு இழுத்தால் அடுத்த ஜோக்கும் சேர்ந்து விழும். என் கணிப்பில், இரு வடிவத்தையும் தராமல் நீட்டியதை மட்டும் தரும் டிஸ்க் அரைகுறையான பதிப்பு. பாலியல் காட்சி, கெட்ட வார்த்தை, அருவருப்பு நகைச்சுவை எவ்வளவு கூடியிருக்கிறது என்பதையும் மழுப்பாமல் எழுதுங்கள். அட்டையில் பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்பதற்காக வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

டிஸ்க்கில் இடம் எப்படிப் பங்கிடப்பட்டது

படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்றால் காரணத்தைக் கணக்கில் காணலாம். ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, அதாவது 3,760 கோடி பிட். படம் 89 நிமிடம், அதாவது 5,340 நொடி. டிஸ்க்கில் படம் மட்டுமே இருந்தால் நொடிக்கு 7 மெகாபிட் கிடைக்கும், போதுமானது. ஆனால் அதே டிஸ்க்கில் ஒரு மணி நேர எக்ஸ்ட்ராவை (நீக்கிய காட்சி போன்ற கூடுதல் சரக்கை) நொடிக்கு 4 மெகாபிட்டில் திணித்தால் 1.8 ஜிபி போய்விடும். மீதி 2.9 ஜிபியை 5,340 நொடிக்குப் பங்கிட்டால் 4.3 மெகாபிட். இதிலிருந்து ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலித்தடத்துக்கு 448 கிலோபிட், படத்தின் மீது எடுத்தவர்கள் பேசும் இரண்டு கமெண்டரிக்குத் தலா 192 கிலோபிட் கழித்தால் படத்துக்கு மிஞ்சுவது மூன்றரை மெகாபிட். நீச்சல் குளத்தில் பத்துப் பேர் குதிக்கும் காட்சியை டிவிடியின் வீடியோ அமுக்கு முறையான எம்பெக்-2 இந்த அளவில் தாங்காது. இரட்டை அடுக்கான 8.5 ஜிபி டிஸ்க்கில் இதே சரக்கு வசதியாக உட்காரும். அதனால் 'எக்ஸ்ட்ரா நிறைய' என்று பாராட்டும் முன் அடுக்கு எத்தனை என்று பாருங்கள்.

ப்ளூ-ரேயில் நெருக்கடி குறைவு. 25 ஜிபி டிஸ்க்கில் 89 நிமிடப் படம் தனியாக இருந்தால் ஒலியும் சேர்த்து நொடிக்கு 37 மெகாபிட் வரை இடம் உண்டு. சிக்கல் வருவது இரு வடிவங்களையும் தனித்தனிக் கோப்பாக, அல்லது மலிவுப் பதிப்பில் இரண்டு படங்களை ஒரே டிஸ்க்கில் வைக்கும்போது. பொதுவான காட்சிகளை ஒருமுறை மட்டும் வைத்து, வேறுபடும் இடத்தில் மட்டும் பிரியும் 'சீம்லெஸ் பிராஞ்சிங்' முறைதான் சரியான வழி. அதிலும் சில பிளேயர்கள் பிரியும் இடத்தில் ஒரு கணம் விக்கும், சோதித்துச் சொல்லுங்கள்.

கணினியில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓட்டி, கண்ட்ரோலோடு 'ஜே' விசையை அழுத்தினால் கோடெக் (வீடியோவை அமுக்கிய முறை), பிக்சல் அளவு, ஃப்ரேம் வேகம் எல்லாம் தெரியும். 'ஈ' விசை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தும். ஒன்றுவிட்டு ஒன்று வரியாகப் பதிந்த (இன்டர்லேஸ்) படத்தை ஒட்டிக் காட்டும் டீஇன்டர்லேஸ் வசதியை அணைத்துவிட்டு, ஆள் ஓடும் காட்சியில் இப்படி ஃப்ரேம் ஃப்ரேமாகப் போங்கள். எல்லா ஃப்ரேமும் சுத்தமாக இருந்தால் 24 ஃப்ரேமாகவே பதிந்து, டிவிக்கு ஏற்பத் திரும்பக் காட்டச் சொல்லும் கொடிக்குறி மட்டும் வைத்த நல்ல வேலை. ஐந்தில் இரண்டு ஃப்ரேமில் விளிம்பெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரிந்தால் வீடியோ டேப் மாஸ்டரை (டிஸ்க் எடுக்கும் மூலப் பிரதியை) அப்படியே அமுக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

சோதிக்க ஏற்ற காட்சிகள்

டீன் காமெடி என்றாலே சில காட்சிகள் வந்தே தீரும். ஸ்பூஃப் அவற்றை வரிசையாகக் கிண்டலடிக்கும். அதுவே நமக்கு வசதி.

லாக்கர் வரிசை உள்ள நடைபாதையில் கேமரா நகரும்போது லாக்கரின் காற்றுத் துளைக் கோடுகளைப் பாருங்கள். அவை மினுங்கினாலோ படிக்கட்டாக உடைந்தாலோ கூர்மையைச் செயற்கையாக ஏற்றியிருக்கிறார்கள், அல்லது இன்டர்லேஸ் மாஸ்டர். கால்பந்து மைதானத்தில் வானத்துக்கு எதிரே நிற்கும் கோல் கம்பத்தைப் பாருங்கள். கம்பத்தை ஒட்டி வெள்ளைக் கோடு ஒன்று கூடவே ஓடினால் விளிம்பு கூட்டல். பெரும்பாலும் பழைய மாஸ்டரின் அடையாளம். புல்வெளி பச்சைக் களிம்பாக இருந்தால் ஃபிலிமின் இயல்பான பொடிமணிகளை (கிரெய்ன்) துடைத்திருக்கிறார்கள். சியர்லீடர்களின் வெள்ளைச் சீருடையில் மடிப்புகள் தெரியாமல் ஒரே வெள்ளையாக எரிந்தால் கான்ட்ராஸ்ட் அதிகம். புரோம் (பள்ளி முடியும் வேளையில் நடக்கும் நடன விழா) அரங்கு டிவிடிக்குக் கடினமான இடம்: சிவப்பு விளக்கில் நிற்கும் முகங்களின் விளிம்பில் நிறம் வழியும், ஏனென்றால் டிவிடியில் நிறத்தின் துல்லியம் பிரகாசத்தின் துல்லியத்தில் நீளத்திலும் அகலத்திலும் பாதிதான். ப்ளூ-ரேயும் இதே விகிதம் என்றாலும் பிக்சல் அதிகம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. புரோம் காட்சியில் ப்ளூ-ரேயிலும் வழிந்தால் மாஸ்டரே பழையது என்று சந்தேகப்படலாம்.

ஒரு எச்சரிக்கை முக்கியம். கண்ணாடியைக் கழற்றி, முடியை அவிழ்த்து, படிக்கட்டில் மெதுவாக இறங்கி வரும் அந்த 'அழகியாக மாறிய' காட்சியில் படம் புகைபோல மென்மையாக இருக்கும். அது டிஸ்க்கின் குறையல்ல; 1999-ன் காதல் காமெடிகளின் ஃபில்டரையே படம் நக்கலடிக்கிறது. ஸ்பூஃப் ஒவ்வொரு காட்சியிலும் ஒவ்வொரு படத்தின் தோற்றத்தைப் பூசிக்கொள்ளும். அதனால் கூர்மையையும் தோல் நிறத்தையும் பகல் வெளிச்சத்தில் எடுத்த சாதாரண வெளிப்புறக் காட்சிகளில் மட்டும் அளந்து பாருங்கள். நேர்மாறான குறையும் உண்டு: மறுபதிப்பில் படம் முழுவதையும் ஒரே கலர் சாயத்துக்குக் கொண்டுவந்து, காட்சிக்குக் காட்சி வேறுபட வேண்டிய அந்தப் போலித் தோற்றங்களை அழித்துவிடுவது. அப்படிச் செய்த மாஸ்டர் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் எனக்குப் பழைய டிவிடிதான் உயர்வு.

ஒலி

காமெடியில் சரவுண்ட் அமர்க்களத்தை எதிர்பார்க்க வேண்டாம். முன்பக்கம் மூன்று ஸ்பீக்கரே முக்கால் வேலையைச் செய்யும். பார்க்க வேண்டியது நடு ஸ்பீக்கரின் வசனம், அதற்கு எதிரே பாட்டின் உரப்பு. பார்ட்டி காட்சியில் பாட்டுக்கு மேலே வசனம் புரிகிறதா? புரியவில்லையென்றால் 5.1 தடத்தையும் இரட்டை (ஸ்டீரியோ) தடத்தையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பிறகு டிவி ஸ்பீக்கரில் கேளுங்கள், ஏனென்றால் வாங்குகிறவர்களில் பலர் அப்படித்தான் கேட்கப் போகிறார்கள். பின் ஸ்பீக்கரில் இருந்த பள்ளி அறிவிப்பு, ஃப்ரேமுக்கு வெளியே முணுமுணுக்கும் பதில், இவை இரண்டாகச் சுருக்கும்போது அமுங்கிப் போகின்றனவா என்பதுதான் சோதனை.

உதட்டசைவு பிசகலுக்கு லாக்கர் கதவு அறையும் காட்சி போதும். ஒரு ஃப்ரேம் சுமார் 42 மில்லி நொடி. இரண்டு மூன்று ஃப்ரேம் தள்ளிப் போனாலே அடிதடிக் காமெடி சப்பென்றாகிவிடும். ஆனால் டிவியின் செயலாக்கத்தாலும் இதே பிசகல் வரும். வேறொரு டிஸ்க்கைப் போட்டு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.

பாட்டு மாற்றத்தையும் சரிபாருங்கள். இப்படங்களில் எந்தப் பாட்டைப் போடுகிறார்கள் என்பதே ஜோக். வீட்டுப் பதிப்புக்கு உரிமை கிடைக்காவிட்டால் வேறு பாட்டை வைத்து நிரப்பும் வழக்கம் இத்துறையில் உண்டு. முடிவில் ஓடும் பாட்டுப் பட்டியலை நிறுத்தி எழுதிக்கொண்டு படத்தோடு ஒப்பிடுங்கள். மாற்றுகிறவர்கள் பட்டியலைத் திருத்த மறந்துவிடுவது உண்டு. பட்டியலில் இருக்கும் பாட்டு படத்தில் இல்லையென்றால் அதை மேலும் துருவ வேண்டும்.

சப்டைட்டில்

பழைய அமெரிக்க டிவிடி சிலவற்றில் ஆங்கில சப்டைட்டில் இருக்காது, 'குளோஸ்ட் கேப்ஷன்' மட்டும் இருக்கும். அந்தக் கேப்ஷன் வீடியோ சிக்னலின் 21-வது வரியில் பயணிப்பது. எச்டிஎம்ஐ கேபிள் அதைக் கடத்தாது. அட்டையில் 'சிசி' என்று போட்டிருப்பதை நம்பி வாங்கி, திரையில் ஒன்றும் வராமல் டிஸ்க் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. மஞ்சள் பின் உள்ள பழைய ஏவி இணைப்பில் ஓட்டி டிவியின் கேப்ஷன் வசதியைப் போட்டால் வரும். கணினியில் விஎல்சியும் காட்டும். ஆங்கிலம் தாய்மொழியல்லாத நமக்கு, வேகமான கொச்சை வசனம் நிறைந்த படத்தில் இந்த ஒரு விவரம் வாங்குவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்யும்.

சப்டைட்டில் இருந்தாலும் பத்து நிமிடத்தை வசனத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுருக்கி எழுதுவதில் முதலில் பலியாவது சிலேடை. பஞ்ச் வசனம், நடிகர் சொல்லும் முன்பே திரையில் வந்துவிடுகிறதா என்றும் கவனியுங்கள். இரண்டு பேர் வசனத்தையும் ஒன்றாகவே திரையில் போட்டால் அப்படித்தான் ஆகும்.

எக்ஸ்ட்ரா

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், நிமிடத்தைப் பாருங்கள். ட்ரெய்லரும் வேறு படங்களின் விளம்பரமும் கணக்கில் வராது. நீக்கிய காட்சிகள் ஸ்பூஃபில் மதிப்புள்ளவை, ஏனென்றால் இத்தகைய படங்களுக்கு எழுதப்படும் ஜோக்குகள் படத்தில் கொள்ளாது. ஆனால் அதே காட்சிகள் நீட்டிய வடிவத்தில் ஏற்கெனவே செருகப்பட்டிருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்; ஒரே சரக்கை இரண்டு முறை விற்பது இங்கே சகஜம். எந்தக் காட்சி எந்தப் படத்தின் கிண்டல் என்று எழுத்தில் சொல்லிக்கொண்டே போகும் தகவல் தடம் இருந்தால் அது தங்கம். மூலப் படங்களைப் பார்க்காதவருக்கும் அது கதவைத் திறக்கிறது. கமெண்டரியை முழுதாகக் கேட்க நேரமில்லையென்றால் பத்தாவது நிமிடம், நடு, கடைசிப் பத்து நிமிடம் என மூன்று இடங்களில் கேளுங்கள். நடிகர்கள் சேர்ந்து சிரிப்பது மட்டும் கேட்டால் அதைச் சொல்லிவிடுங்கள். ஷாட் எப்படி எடுத்தார்கள், எதைப் பார்த்து எடுத்தார்கள் என்று பேசினால் அதையும்.

பழைய டிஸ்க் வாங்கும்போது

அடிப்பக்கத்தை விளக்கில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் கீறலைப் பிளேயர் பெரும்பாலும் சமாளிக்கும். தடத்தோடு வட்டமாகப் போகும் கீறல்தான் ஆபத்து. துடைப்பதும் நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில்தான், வட்டமாக அல்ல. அடிப்பக்கம் ஊதா நிறமாக இருந்தால் அது அச்சிட்ட டிஸ்க் அல்ல, எரித்த டிவிடி-ஆர். சில ஸ்டூடியோக்கள் கேட்டவருக்கு மட்டும் எரித்துத் தரும் பதிப்பை முறையாகவே விற்கின்றன, ஆகவே ஊதா என்றாலே போலி என்று முடிவு கட்டாதீர்கள். அச்சிட்ட டிஸ்க்கின் உள்வளையத்தில் 'ஐஎஃப்பிஐ' என்று தொடங்கும் நுண்ணிய குறியீடு பெரும்பாலும் இருக்கும்; லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

எழுதும்போது

படத்துக்கு ஒரு மதிப்பெண், டிஸ்க்குக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்தே கொடுங்கள். எந்த பிளேயர், எத்தனை அங்குலத் திரை, எந்த ஒலி அமைப்பு என்று முதலிலேயே போடுங்கள். "சில இடங்களில் தெளிவில்லை" என்று எழுதாமல் நேரத்தைக் கொடுங்கள். படிப்பவர் தன் டிஸ்க்கில் அதே இடத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்வார். பழைய டிவிடி வைத்திருப்பவர் ப்ளூ-ரேக்கு மாறலாமா என்பதற்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள்; அகலத்திரை அனமார்ஃபிக் டிவிடி கையில் இருப்பவருக்கும் முழுத்திரை டிவிடி இருப்பவருக்கும் பதில் ஒன்றல்ல. கடைசியாக, அட்டையின் பார்கோடு எண்ணையும் பதிப்பு ஆண்டையும் குறிப்பிடுங்கள். ஒரே படம், ஒரே முன்னட்டை, உள்ளே வேறு வேறு டிஸ்க் என்று இருக்கும்போது, நீங்கள் பார்த்தது எது என்று அந்த எண் மட்டும்தான் சொல்லும்.